கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலியல் வன்முறை என்றதும் போலீஸ், கோர்ட், தூக்கு என்றுதான் பேச்சு போகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பே பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பார்த்துவிடுகிற நர்ஸை யாரும் நினைப்பதில்லை. குமரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

எந்தப் பிள்ளையும் "எனக்கு இப்படி நடந்தது" என்று சொல்லிக்கொண்டு வராது. வயிற்றுவலி என்று வரும். மூத்திரம் போனால் எரிகிறது என்று வரும். மாதவிலக்கு தள்ளிப்போச்சு என்று அம்மா கூட்டி வருவாள். சில நேரம் கூட்டி வருகிறவரே அதைச் செய்த ஆளாக இருப்பார். நாம் கேட்கிற கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு அவரே பதில் சொல்வார். விடியும்முன் அம்மா ரப்பர் பால்வெட்டுக்கோ அண்டி ஆபீசுக்கோ (முந்திரி ஆலை) போக, அப்பா ஆழ்கடலிலோ வளைகுடாவிலோ இருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. (இதற்காக அந்தத் தாய்மாரைக் குறை சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.) வீட்டுக்கு வந்துபோகிற ஆள் செய்தால் அது ஒரு தடவையோடு நிற்பதில்லை. அடுத்த தடவையைத் தடுக்க, கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசப் பத்து நிமிடம் வேண்டும். நான் வேலை பார்த்த இடங்களில் அதற்கு ஒரு திரைச்சீலைகூட இருந்ததில்லை. தடுப்பூசி நாளென்றால் கேட்கவே வேண்டாம்.

2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம். இது எல்லா நர்ஸுக்கும் தெரியும், பயமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் எந்த வழக்கும் வராது என்று அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்வதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாளைக்கு அதே குடும்பத்தோடு ஒரே பஸ்ஸில் போகவேண்டிய, ஒரே கோயில் கொடையில் நிற்கவேண்டியவள் அந்த நர்ஸ். தகவல் கொடுத்தது யார் என்று ஊருக்குள் கசிந்தால் அடுத்த நர்ஸ் வாய் திறப்பாளா?

பெரிய பெண்கள் விஷயத்திலும் தாமதம் கூடாது. கர்ப்பத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டியவை. "முதலில் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்ப அரசு ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை, தனியாருக்கும் இல்லை; இலவசமாகச் சிகிச்சை கொடுத்தே ஆகவேண்டும். உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கிற இரட்டை விரல் பரிசோதனை செய்வது ஒழுங்கீனக் குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாசலில் முதலில் நிற்கிற நர்ஸுக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைகள் உதவி எண் 1098 என்று சுவரில் ஒட்டியிருக்கிறோமே என்பார்கள். சரி, எழுத்துக்கூட்டத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே மாவட்ட சுகாதார நிர்வாகம் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் மறைவாகப் பேச ஓர் இடம் ஒதுக்கட்டும். கிராமச் செவிலியர்களைத் குழு குழுவாக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து, பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, என்ன கேட்கக் கூடாது என்று பயிற்சி கொடுக்கட்டும். தகவல் தந்த நர்ஸின் பெயரை வெளியே விடுகிற போலீஸ்காரர்மேல் எஸ்.பி. நடவடிக்கை எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தக்கலை.