துக்க வீட்டில் காரணம் சொல்லாதீர்கள்: ஊழியக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான போதகர்களுக்கும் ஊழியக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

அண்மையில் ஓர் அடக்க ஆராதனை. பெட்டி இன்னும் மூடப்படவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முன்வரிசையில் இருக்க, செய்தி கொடுத்தவர் ரோமர் 11:33ஐ வாசித்தார்: “அவருடைய நியாயத்தீர்ப்புகள் அளவிடப்படாதவைகள், அவருடைய வழிகள் ஆராயப்படாதவைகள்!” வாசித்த கையோடு, அந்தக் குடும்பம் ஜெபத்தில் குளிர்ந்துபோனதால்தான் கர்த்தர் இப்படித் தட்டி எழுப்பினார் என்றும் சொன்னார். ஆராய முடியாது என்று அறிவித்த வாயே தீர்ப்பையும் வாசித்துவிட்டது. இது ஒரே ஒரு சபையில் நடந்த தவறு அல்ல என்பதை நீங்களும் அறிவீர்கள். ஆகவே தாழ்மையாய்க் கேட்கிறோம்: துக்க வீட்டில் மரணத்துக்குக் காரணம் சொல்லாதீர்கள்.

இந்தத் தவறு வேதத்திலேயே பதிவாகியிருக்கிறது. யோபு 11ஆம் அதிகாரத்தில் யோபுவின் நண்பன் சோப்பார் பேசுகிறான். தேவனுடைய ஆழத்தை ஆராய்ந்து அறியக்கூடுமோ என்று 7ஆம் வசனத்தில் கேட்கிறான். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். உன் அக்கிரமத்துக்கு ஏற்ற தண்டனை இன்னும் உனக்கு வரவில்லை என்று அதற்குள் யோபுவிடம் சொல்லி முடித்துவிட்டான். தேவனை அறிய முடியாது என்பவனுக்கு யோபுவின் பாவக்கணக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? 7 குமாரரையும் 3 குமாரத்திகளையும் ஒரே நாளில் இழந்தவனிடம் பேசிய பேச்சு இது.

இன்னொரு நண்பன் பில்தாத் இன்னும் ஒரு படி மேலே போனான். “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்” என்ற யோபு 8:7 நம் வாக்குத்தத்த அட்டைகளிலும் காலண்டர்களிலும் கடைத்திறப்பு அழைப்பிதழ்களிலும் இருக்கிறது. அதைச் சொன்னவன் பில்தாத். அதே பேச்சில், மூன்று வசனம் முன்னால், உன் பிள்ளைகள் செத்தது அவர்கள் செய்த பாவத்தினால்தான் என்கிற பொருளில் தகப்பனின் முகத்துக்கு நேரே பேசியிருக்கிறான். 4ஆம் வசனத்தை விட்டுவிட்டு 7ஆம் வசனத்தை அச்சடிக்கிறோம். பிறகு அடக்க ஆராதனையில், நம்மை அறியாமலே, அந்த 4ஆம் வசனத்தைப் பிரசங்கிக்கிறோம்.

கர்த்தருடைய தீர்ப்பு யோபு 42:7இல் இருக்கிறது: “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.” கோபம் யார்மேல் மூண்டது என்பதைக் கவனியுங்கள். தேவனோடு வழக்காடிய யோபுவின்மேல் அல்ல. தேவனுக்காக வாதாடிய எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற நண்பர்கள் மூவர்மேல். அவர்கள் 7 காளைகளையும் 7 ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர்களுக்காக யோபு வேண்டுதல் செய்ய வேண்டியிருந்தது. இன்னொன்று. 38 முதல் 41 வரையுள்ள அதிகாரங்களில் கர்த்தர் பூமியின் அஸ்திபாரம், உறைந்த மழையின் பண்டசாலை, வரையாடு ஈனும் காலம், பிகெமோத், லிவியாதான் என்னும் மாபெரும் மிருகங்கள் எல்லாவற்றையும் பேசுகிறார். முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்ததை, சாத்தான் யோபுவைக் குறித்துக் கர்த்தரிடம் சவால்விட்டதை மட்டும் யோபுவுக்குச் சொல்லவே இல்லை. வாசிக்கிற நமக்குத் தெரிந்த காரணம் யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. கர்த்தரே சொல்லாமல் விட்டதை, அவர் பேரில் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ரோமர் 11:33ஐயும் அதன் இடத்திலேயே வைத்து வாசியுங்கள் என்று வேண்டுகிறோம். அது மூன்று அதிகாரங்களின் முடிவு. 9ஆம் அதிகாரத்தின் துவக்கத்தில் பவுல் தன் ஜனத்துக்காக மிகுந்த துக்கத்தோடும் இடைவிடாத மனவேதனையோடும் பேசுகிறார். அந்தத் துக்கத்தை மறைக்காமல் மூன்று அதிகாரம் போராடிய பிறகுதான் “ஆ!” என்று அந்த வசனத்தைத் தொடங்குகிறார். அதற்கு முந்தின 32ஆம் வசனம், எல்லார்மேலும் தேவன் இரக்கமாயிருக்கும்படி நடப்பித்ததைச் சொல்கிறது. அங்கே பவுலுக்கு எட்டாமல் போனது இரக்கத்தின் ஆழம். ஏசாயா 55இலும் அப்படியே. “என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல” என்ற 8ஆம் வசனத்துக்கு முன்னால், துன்மார்க்கனும் திரும்பி வரட்டும், அவர் மன்னிக்கிறதற்குத் தயை பெருத்திருக்கிறார் என்று 7ஆம் வசனம் இருக்கிறது. மன்னிப்பின் பெருக்கத்தைப் பாடுகிற இந்த வசனங்களை எடுத்து அழுகிறவர்களின் வாயை மூடப் பயன்படுத்துவது வசனத்துக்கே செய்கிற அநியாயம்.

தாவீதின் குழந்தை மரிக்கும் என்று முன்னறிவித்தபோது நாத்தான் தீர்க்கதரிசி காரணமும் சொன்னாரே என்பீர்கள். சொன்னார், கர்த்தர் அவரை அனுப்பியிருந்தார். உங்களிடம் அப்படி ஒரு வார்த்தை வராதபோது, உபாகமம் 29:29 உங்களுக்குத்தான்: மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆழிப்பேரலையில் செத்தவர்களைப் பற்றி அது தண்டனை என்று மேடையில் பேசியவர்கள் உண்டு. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகரும் கரையோர மீனவரும் அவர்கள் பிள்ளைகளும் என்ன பாவக்கணக்கில் வருகிறார்கள்? சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று இயேசுவே பதிலும் சொன்னார் (லூக்கா 13). மனந்திரும்புங்கள் என்ற எச்சரிப்பை உயிரோடு நின்ற எல்லாருக்கும் கொடுத்தார். செத்தவர்களின் வீட்டார் தலையில் மட்டும் அதைச் சுமத்தவில்லை. நோய், விபத்து, கடன், பிள்ளையில்லாமை என்று எல்லாவற்றுக்கும் உடனடியாகக் காரணம் வழங்குகிற இந்தப் பழக்கம் மேடைகளில் வளர்ந்துகொண்டே போகிறது. இதனால் சபையை விட்டே போனவர்கள் இருக்கிறார்கள்.

கடிந்துகொள்வதற்காக இதை எழுதவில்லை, கேட்பதற்காக எழுதுகிறோம். யோபுவிலிருந்து வசனம் எடுத்தால், பேசுகிறவன் யார் என்று அந்தப் பேச்சு தொடங்கும் வசனத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் பேச வேண்டியதில்லை. அந்த மூவர் செய்த ஒரே நல்ல காரியம், 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தது (2:13). வாசிப்பதற்கு சங்கீதம் 88 இருக்கிறது. ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிற ஜெபம், அழுகிறவர்களுக்கு வார்த்தை கொடுக்கும். சங்கீதம் 13 இருக்கிறது. செய்தி பத்து நிமிடம் போதும். பெட்டியருகே மனந்திரும்புதலுக்குக் கை உயர்த்தச் சொல்ல வேண்டாம். உயிர்த்தெழுதலைச் சொல்லுங்கள், தாராளமாய்ச் சொல்லுங்கள். லாசரு மரித்தபோது ஆண்டவர் அவன் சகோதரி மார்த்தாளுக்கு அதைத்தான் சொன்னார். சொன்னவர், சற்று நேரத்தில் எழுப்பப் போகிறவர், கண்ணீரும் விட்டார்.

அடுத்த அடக்க ஆராதனைக்கு அழைப்பு வரும்போது, உங்கள் குறிப்பில் “ஏனென்றால்” என்று தொடங்கும் வரி ஏதாவது இருந்தால், அதை அடித்துவிட்டுப் புறப்படுங்கள். துக்க வீட்டில் காரணம் சொல்லாதீர்கள் என்று மறுபடியும் பணிவாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சபை விசுவாசிகள்