பெங்களூரில் இருமல், தலால் தெருவில் காய்ச்சல்

மாட்டுங்கா, மும்பை
11.1.2025, சனிக்கிழமை

அன்புள்ள மணி,

உன் கடிதம் நேற்று ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது. திங்கள் ராத்திரியே உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் போல. கையெழுத்து வழக்கத்தைவிடச் சாய்ந்திருக்கிறது. பெங்களூரில் இரண்டு குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. என்ற சளி-இருமல் வைரஸ் கண்ட செய்தியும், இங்கே தலால் தெருப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 1,258 புள்ளி விழுந்த செய்தியும் ஒரே நாளில் வந்துவிட்டன. ரிடயர்மென்ட் பணத்தில் போட்ட மியூச்சுவல் ஃபண்டை எல்லாம் எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறாய். போனில் கேட்டிருந்தால் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். நாலு பக்கம் எழுதியவனுக்கு அப்படிப் பதில் போட முடியுமா?

முதலில் அந்த வைரஸ். 2001-லேயே கண்டுபிடித்த பழைய ஆள் அது, வருஷா வருஷம் வந்து போகிறது. மறுநாளே சென்செக்ஸ் 234 புள்ளி ஏறியதை உன் டிவி அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்காது. திங்கள்கிழமை சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. அக்டோபரில் வெளிநாட்டுக்காரர்கள் விற்றுத் தள்ளியதிலிருந்தே சந்தைக்கு உடம்பு சரியில்லை. வைரஸ் ஒரு சாக்கு.

ஆனால் உன்னைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2020 மார்ச் 23, திங்கள். கொரோனா வந்த சமயம். முந்தின நாள்தான் ஊரே வாசலில் நின்று கை தட்டியது. அன்றிலிருந்து லோக்கல் ரயில் கிடையாது. இந்த ஊரில் லோக்கல் நிற்பது என்றால் என்னவென்று கும்பகோணத்தில் இருக்கும் உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெள்ளத்தில் ஒன்றிரண்டு நாள் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் ஆபீஸ் லேப்டாப். சந்தை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் பத்து சதவீதம் சரிந்து, 45 நிமிடம் வியாபாரத்தை நிறுத்தினார்கள். திறந்ததும் மறுபடி சரிவு. முடியும்போது 3,934 புள்ளி காலி, சென்செக்ஸ் 25,981. ஜனவரியில் 42,000-ஐத் தொட்டிருந்தது.

பங்கு புரோக்கர் ஆபீஸில் முப்பது வருஷம் செட்டில்மென்ட், அதாவது பங்கும் பணமும் கைமாறுகிற கணக்கு, பார்த்தவன் நான். ஹர்ஷத் மேத்தா மோசடியில் சந்தை விழுந்ததையும் பார்த்தேன், 2008 சரிவையும் பார்த்தேன். எத்தனை பேருக்கு "பொறுமையாக இருங்கள் சார்" என்று சொல்லியிருப்பேன்! ஊருக்குத்தான் உபதேசம். மறுநாள் காலை என் ஃபண்டில் பாதியை விற்றேன். அன்று சென்செக்ஸ் தொட்ட 25,638-க்குக் கீழே அது இன்றுவரை போகவில்லை. ரொம்ப நாள் வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

ஏன் விற்றேன் என்று அப்புறம் பல தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு நாடு முழுவதும் தொற்று கண்டவர்கள் சுமார் 500 பேர். 2021 மே முதல் வாரத்தில் ஒரே நாளில் நாலு லட்சம். தெரிந்தவர்கள் எல்லாம் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அந்த வாரம் சென்செக்ஸ் 49,000-ஐ ஒட்டி ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை மூடி வைத்தேன். ஆனால் சந்தையின் புத்தி அப்படித்தான். நோயாளி எத்தனை பேர் என்று அது பார்ப்பதில்லை, அடுத்த வருஷ லாபத்தைக் கணக்குப் போட முடிகிறதா என்று பார்க்கிறது. 500 பேர் இருந்தபோது ஊரடங்கு எத்தனை நாள், மருந்து வருமா, எந்தக் கம்பெனி பிழைக்கும், ஒன்றுக்கும் விடை கிடையாது. நாலு லட்சம் ஆனபோது கையில் தடுப்பூசி இருந்தது. அலை ஏறினால் இறங்கும் என்றும் பார்த்தாயிற்று.

பணமும் மலிவாகக் கிடந்தது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 5.15 சதவீதத்திலிருந்து 4.40-க்கு இறக்கியது, மே மாதம் 4-க்கு. இ.எம்.ஐ.யைத் தள்ளிப்போடலாம் என்றார்கள். அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்துக்கே போயிற்று. மார்ச்சில் சுமார் 62,000 கோடி ரூபாய்க்குப் பங்குகளை விற்றுவிட்டு ஓடிய வெளிநாட்டுக்காரர்கள் அந்த மலிவுப் பணத்தோடு திரும்பி வந்தார்கள். டெபாசிட் வட்டி தேய்ந்து போனதால் நம்மவர்களும் உள்ளே வந்தார்கள். 2020 மார்ச்சில் சுமார் நாலு கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் (பங்குகளை வைத்திருக்கும் கணக்குகள்) ஒரே வருஷத்தில் ஐந்தரைக் கோடி. 2020 நவம்பர் 9 அன்று ஃபைசர் தடுப்பூசி வேலை செய்கிறது என்ற செய்தி வந்தது. விற்ற பாதியை நான் திரும்ப வாங்கியது அந்த மாதம்தான், விற்ற விலைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் கொடுத்து. 2021 ஜனவரியில் சென்செக்ஸ் 50,000.

(நடுவில் ஒரு கூத்து. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர். எண்ணெயை எடுத்துக்கொண்டு போனால் கையில் காசும் தருகிறேன் என்ற நிலைமை. எங்கள் ஆபீஸ் சாஃப்ட்வேரில் விலைக்கு முன்னால் மைனஸ் போட வழியே இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் போயிற்று.)

சரி, சந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் சென்செக்ஸில் இருப்பவை முப்பது கம்பெனிகள். எங்கள் தெருவுக்கு வரும் இட்லி அண்ணாச்சி அதில் இல்லை. நீ இங்கே வந்திருந்தபோது காலையில் சைக்கிளில் பாம் பாம் என்று ஹார்ன் அடித்துக்கொண்டு வருவாரே, தாராவியிலிருந்து, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். 2020 மே கடைசியில் பஸ் பிடித்து ஊருக்குப் போனவர் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்டேஷனுக்கு ஓடுகிற ஆபீஸ்காரர்கள்தான் அவருடைய வியாபாரம். எங்களுக்கு 2021 பிப்ரவரியில்தான் நேரம் குறித்து ரயிலைத் திறந்தார்கள், ஏப்ரலில் மறுபடி மூடினார்கள், ஆகஸ்ட் 15-லிருந்து இரண்டு ஊசி போட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். அண்ணாச்சி வந்து பார்த்தால் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை. இட்லி யாருக்கு?

2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜி.டி.பி., அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் கணக்கு வந்தது. கட்டுமானம் பாதியாயிற்று. விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது, அதாவது உங்கள் பக்கத்து வயல்கள் எங்கள் மாடிக் கட்டிடங்களைவிடச் சமர்த்து. ஆனால் அண்ணாச்சி போன்றவர்களின் நஷ்டம் அந்த 23.9-லும் சரியாக ஏறியிருக்காது. காலாண்டுக் கணக்கில் சின்னத் தொழில்களை நேரே போய் எண்ணுவதில்லை, பெரிய கம்பெனிகளின் கணக்கை வைத்து ஊகிக்கிறார்கள். அந்த வருஷம் விற்பனை குறைந்தும் லாபம் கூடிய பெரிய கம்பெனிகள் பல. மூடிப்போன சின்னக் கடைகளின் வியாபாரமும் அவர்களிடம்தான் போய்ச் சேர்ந்தது என்பது என் எண்ணம்.

இந்த ஊர் இதற்கு முன்பும் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. 1896-ல் மாண்ட்வி பக்கம் பிளேக் கண்டபோது, சில மாதங்களில் கிட்டத்தட்ட பாதி ஊர் காலி. மில்லுக்கு ஆள் கிடைக்காமல் முதலாளிகள் தெருமுனையில் நின்று போட்டி போட்டுக் கூலியை ஏற்றினார்களாம், அன்றன்றைக்கு எண்ணிக் கொடுத்தார்களாம். 2020-லும் விமான டிக்கெட் போட்டு ஆட்களைத் திரும்ப வரவழைத்த பில்டர்கள் இருந்தார்கள். இட்லி விற்பவரை அழைத்து வர யார் டிக்கெட் போடுவார்கள்?

உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷச் செலவுக்கான பணம் போஸ்ட் ஆபீஸிலும் வங்கியிலுமாக இருக்கட்டும். அதற்கு மேல் உள்ளதைத் தொடாதே. விற்றே ஆக வேண்டும் என்று தோன்றினால் காலண்டரில் குறித்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து விற்பது என்று வைத்துக்கொள். அந்த ஒரு வாரம் எனக்கு இருந்திருந்தால் உன் மருமகளுக்கு இன்னொரு வளையல் கூடப் போட்டிருப்பேன். அப்புறம், டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போ.

மொத்தம் எவ்வளவு போட்டிருக்கிறாய், மாதச் செலவு என்ன, இரண்டையும் பொங்கல் முடிந்ததும் எழுது. இந்தத் தடவை கடிதத்தில் ஃபண்டு பேரைக்கூட நீ எழுதவில்லை. மார்க்கெட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கிவிட்டன. போகப் போக விலை ஏறும், இப்போதே போய் வாங்கி வருகிறேன்.

உன்,
கணேசன்