உள்ளங்கால் அரிக்கிறது என்பவளின் கல்லீரலையும் பாருங்கள்

பினாங்கு மாநிலச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், தாய்சேய் நலக் கிளினிக்குகளின் தாதியருக்கும் வணக்கம்.

33 வாரக் கர்ப்பிணியாக இருந்த என் தங்கை, பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, குளியலறைச் சிமெண்டுத் தரையில் உள்ளங்கால்களைத் தேய்த்தபடி நிற்பாள். தோலில் தடிப்பு எதுவும் இல்லை. நகக்கீறல்கள் மட்டுமே இருந்தன. கிளினிக்கில் வேர்க்குரு என்று களிம்பு கொடுத்தார்கள். பிள்ளைக்கு முடி வளர்கிறது என்று நாங்களும் வேப்பிலை அரைத்துப் பூசினோம். இரண்டு வாரம் கழித்து வேறொரு மருத்துவர் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் பித்த அமிலம் லிட்டருக்கு 62 மைக்ரோமோல் என்று தெரிந்தது. 19க்குக் கீழே இருக்கவேண்டியது அது. கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் என்ற கல்லீரல் நோய் அவளுக்கு இருந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது, அரிப்பும் சில நாட்களில் நின்றது. ஆனாலும் அந்த இரண்டு வாரங்களை என்னால் மறக்க முடியவில்லை.

கல்லீரல் அணுக்கள் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலத்தை உண்டாக்கி, தம் சுவரிலுள்ள புரத வாயில்கள் வழியே பித்த நாளங்களுக்குள் தள்ளுகின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் சிதைந்து உண்டாகும் பொருள்களும் பெருகும்போது, பிறப்பிலேயே அந்த வாயில்கள் சற்று வலுக்குறைந்த பெண்களுக்கு அவை மேலும் மந்தமாகி, குடலுக்குச் சேரவேண்டிய பித்த அமிலம் இரத்தத்தில் தேங்கி, நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் எட்டுகிறது. 2019இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, ஒற்றைக் குழந்தையைச் சுமப்பவர்களில் இந்த அளவு 100ஐ எட்டியவர்களுக்குக் கரு வயிற்றிலேயே இறப்பது 100க்கு 3 பேருக்கு மேல். 40க்குக் கீழே இருந்தவர்களுக்கோ ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவர். அந்த எண்ணை அறியாமல் பிரசவ நாளை எப்படித் தீர்மானிப்பது?

பிரிட்டனில் இந்நோய் கர்ப்பிணிகளில் ஆயிரத்தில் ஏழு பேருக்கு வருகிறது. அங்குள்ள இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினரிடம் 12 முதல் 15 பேருக்கு. நம் பெண்கள் அந்த வம்சாவளியினர் என்பதை நீங்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

ஆகவே, 28ஆவது வாரத்திற்குப் பிறகு ஒவ்வொரு வருகையிலும், "உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கிறதா? இரவில் கூடுகிறதா?" என்று தமிழிலும் கேட்கச் செய்யுங்கள். ஆம் என்பவளுக்குப் பித்த அமிலப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் எழுதிக் கொடுங்கள். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி நஞ்சுக்கொடியாலும் உயரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். முதல் முடிவு இயல்பாக வந்தாலும் அரிப்பு நீடித்தால் மறுபடியும் இரத்தம் எடுங்கள். சிலருக்கு அரிப்பு முந்திக்கொள்ளும், எண் பிறகுதான் ஏறும்.

இப்படிக்கு,
ஒரு தாயின் அக்காள், பட்டர்வொர்த்