ஷார்ட் கார்னரும் உங்கள் அதிர்ஷ்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையில் நடந்த லீக் ஆட்டத்தில் நம்மூர் ஹாக்கி அணி 2-1 என்று வென்ற செய்தியை, தேங்காய் விலை நிலவரத்துக்குக் கீழே ஆறு வரியில் போட்டிருந்தீர்கள். இடம் கொடுத்ததற்கு நன்றி. அதில் ஒரு வரி: 'ஆட்ட நேரம் முடிந்த பின் கிடைத்த பெனால்டியில் ஓங்கி அடித்த பந்து, அதிர்ஷ்டவசமாக கோலின் மேல்மூலையில் பாய்ந்தது.'

ஒரு வரிக்குள் இத்தனை பிழைகளை அடைக்கவும் கைப்பழக்கம் வேண்டும்.

அது பெனால்டி அல்ல, ஷார்ட் கார்னர்; அதாவது பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட, கூட்டாளிகள் வாங்கி கோலுக்கு அடிப்பது. பெனால்டி ஸ்ட்ரோக் என்றால் 6.40 மீட்டர் புள்ளியில் பந்தை வைத்து, கோலியோடு (கோல்கீப்பரோடு) ஒற்றைக்கு ஒற்றை. இரண்டும் வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. நேரம் முடிந்த பின் கிடைத்ததும் அல்ல. நேரம் இருக்கும்போதே நடுவர் கொடுத்தார்; கொடுத்த ஷார்ட் கார்னர் முடியும்வரை ஆட்டத்தை நீட்டுவது விதி. அந்த நீட்டிப்பில் பந்து இரண்டாவது முறை டி-யை, அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்தை, விட்டு வெளியே வந்தாலே ஆட்டம் முடிந்தது. சலுகை அவ்வளவுதான்.

மேல்மூலைதான் விஷமம். ஷார்ட் கார்னரில் முதல் அடி 'ஹிட்', அதாவது மட்டையை ஓங்கி அடித்தது, என்றால், பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேலே போகக் கூடாது. கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரமும் அதுவேதான். பந்தை மட்டையோடு இழுத்து வந்து வீசும் டிராக் ஃபிளிக்காக இருந்தால் மேலே போகலாம். ஆனால் சரளைத் தரையில் பந்து மட்டையோடு ஒட்டி வராமல் துள்ளும் என்பதால் இங்கே அதை யாரும் நம்புவதில்லை. ஆக, ஓங்கி அடித்து மேல்மூலையில் போனது கோல் என்றால் நடுவர்கள் விதி தெரியாதவர்கள் என்றாகிறது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அணிக்காரர்கள் உங்கள் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டு இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். பந்து பலகையில் 'டம்' என்று மோதியது டீக்கடை வரை கேட்டது. நிருபர் எந்தக் கடையில் இருந்தாரோ!

அடுத்து, அதிர்ஷ்டம். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் வைத்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார். டி-யின் ஆரம் 14.63 மீட்டர். பந்து அதைத் தாண்டி வெளியே வந்தாக வேண்டும்; அங்கே நிறுத்தி, உள்ளே தட்டிவிட்டு, அதன் பிறகே அடிக்கலாம். அதற்குள் எதிரணி ஆள் ஓடி வந்துவிடுவார். டர்ஃபில் (செயற்கைத் தரையில்) மட்டையைத் தரையோடு படுக்க வைத்தால் பந்து நின்றுவிடும். சரளையில் கடைசி ஒரு அடியில் ஏதாவது கல்லில் பட்டு மட்டைக்கு மேலே ஏறிவிடும். அதனால் கைப்பிடியை முன்னால் சாய்த்து, பிடியைத் தளர்த்தி வாங்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் தெறிக்கும். பந்து வரும் பாதையில் காலையிலேயே கல் பொறுக்கியாக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர், விடிந்ததும் ரோலர். சாரல் கூடிவிட்டால் மண் அப்பிக்கொண்டு பந்து பாதியிலேயே நின்றுபோகும். இதையெல்லாம் உங்கள் அகராதியில் அதிர்ஷ்டம் என்று போட்டிருக்கிறது போலும்.

'எதிரணி வீரர் ஒருவர் வெளியேற்றப்பட்டார்' என்றும் படித்தோம். யாரும் யாரையும் வெளியேற்றவில்லை, அட்டையும் காட்டவில்லை. பந்து தள்ளப்படும் முன்பே ஒருவர் ஓடிவந்தார். அப்படி வந்தவரை நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்புவார்கள், பதிலுக்கு வேறு ஆள் கிடையாது. கோலியோடு ஐந்து பேர் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு பேர் நின்றார்கள். கோல் விழுந்த காரணத்தில் பாதி இதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

'புல்தரை' என்று வேறு எழுதியிருந்தது. எந்தப் புல், ஐயா? கொல்லத்தில் செயற்கைத் தரை இருக்கிறது, கோவில்பட்டியில் இருக்கிறது. நடுவில் இருக்கும் நமக்கு செம்மண்ணும் சரளையும்தான்.

பழையதையும் சொல்லிவிடுகிறோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய இந்திய ஹாக்கி அணியின் கோலி ஸ்ரீஜேஷைக் கேரளத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கக்காரர் என்று போட்டீர்கள். 1972 மியூனிக்கிலேயே கண்ணூர் மானுவல் ஃபிரெடரிக் அதே கோலி இடத்தில் நின்று வெண்கலம் வாங்கியவர் என்று அப்போதே கடிதம் போட்டோம். அச்சேறவில்லை. போன வருட இறுதி ஆட்டத்துக்கு வந்த படத்தில் சால்வை இருந்தது, மாலை இருந்தது, பதினொரு பேரில் ஒருவர்கூட இல்லை. 'கார்னர் கிக்' என்று எழுதியதை மன்னித்துவிட்டோம், கால்பந்துப் பிரியர் போலிருக்கிறது.

கேட்பது இரண்டு வரிதான்: அந்த கோல் பலகை உயரத்துக்குள் அடிக்கப்பட்டது, நேரம் முடியுமுன் கொடுக்கப்பட்ட ஷார்ட் கார்னரில் விழுந்தது. வியாழக்கிழமை லீக் குழு கூடுவதால், புதன்கிழமை இதழில் வந்தால் உதவியாக இருக்கும். தேங்காய் விலைக்குக் கீழேயே போடலாம்.

இப்படிக்கு,
ஹாக்கி ஆட்டக்காரர்கள் சிலர்,
செங்கோட்டை