ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். மலைச்சரிவு முழுக்க ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, "எல்லாம் புகை குடித்துச் செத்ததுடா" என்று கீழே எழுதியிருக்கிறாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2018-இலிருந்து அங்கே அடுத்தடுத்து வந்த வறட்சியும், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பெருகிய பட்டை வண்டும்தான் இதற்கு முக்கியக் காரணம். புகை கொன்ற காடு வேறு, அது நாம் கல்லூரியில் படித்த காலத்துக் கதை.

உன் ஊருக்குத் தெற்கே எர்ஸ் மலை இருக்கிறதே, கிழக்கு ஜெர்மனி, செக், போலந்து மூன்றும் சந்திக்கும் அந்த வட்டாரத்துக்குக் கறுப்பு முக்கோணம் என்றே பெயர். நம்ம நெய்வேலியில் தோண்டுகிறோமே, அந்தப் பழுப்பு நிலக்கரி வகையைத்தான் அங்கேயும் எரித்தார்கள். செக் பக்கத்து நிலக்கரியில் கந்தகம் அதிகம், புகையிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடும் அப்போது கிடையாது. மலை உச்சிக் காடுகள் ஏக்கர் ஏக்கராகப் பட்டுப்போயின.

ஊசியிலை மரம் ஏன் முதலில் விழுகிறது என்று கேட்டாயே. அகன்ற இலை மரங்கள் குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும், ஸ்ப்ரூஸ் கொட்டாது. ஒரே ஊசி ஐந்தாறு வருஷம், ஏழு வருஷம்கூட கிளையில் இருக்கும் (நம்ம ஊரில் சவுக்கு நட்டு நாலு வருஷத்தில் வெட்டி லாரியில் ஏற்றிவிடுகிறோம், அங்கே ஓர் ஊசிக்கே அதைவிட ஆயுசு அதிகம்). அத்தனை வருஷமும், கந்தகம் எரிந்து வருகிற சல்பர் டை ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கிறது, அமிலப் பனிமூட்டத்தில் நனைகிறது, மேலே இருக்கிற மெழுகுப் பூச்சு அரித்துப்போகிறது. அதைவிட மோசம் வேரடியில் நடப்பது: அமில மழை மண்ணிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும், அதுவரை சும்மா கிடந்த அலுமினியம் கரைந்து வந்து மெல்லிய வேர்களைக் கெடுக்கும்.

ஜெர்மனியின் காடே அழிந்துவிடும் என்று 1980-களில் பயந்தார்கள், அழியவில்லை. அதனால் எல்லாம் வெறும் பீதி என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 1985-இல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் கந்தகப் புகையை 30 சதவீதம் குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டன, அப்புறம் ஆலைகளில் கருவிகள் வந்தன, பழைய ஆலைகள் மூடின. செலவு பண்ணியதால்தான் காடு பிழைத்தது. புகை போனாலும் மண் லேசில் தேறாது, அதனால்தான் ஹெலிகாப்டரில் சுண்ணாம்பு கொண்டுபோய்த் தூவுகிறார்கள்.

அடுத்த முறை எர்ஸ் மலைக்குப் போனால் ஒரு கிளையைக் கிட்டத்தில் பார். நுனியில் இந்த வருஷத்து ஊசி பச்சையாக இருந்து, உள்பக்கம் பழைய ஊசி மட்டும் மஞ்சளடித்திருந்தால் மக்னீசியம் பற்றாக்குறை என்று சந்தேகப்படலாம். நுனியிலிருந்து உள்ளே எத்தனை வருஷத்து ஊசி மிச்சம் இருக்கிறது என்றும் எண்ணிப் பார், மூன்று வருஷத்துக்கு மேல் இல்லையென்றால் மரத்துக்கு உடம்பு சரியில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விடமாட்டேன் என்கிறது. வஞ்சிரம் விலை கேட்டால் நீ அங்கேயே இருந்துவிடுவாய். பண்ருட்டிப் பலா சீசனுக்குள் வந்து சேர், பேத்தியையும் கூட்டி வா.

உன்,
ரவி
கடலூர்