தோற்ற அணிக்கும் மூன்று ஆட்டம் கொடுங்கள்

வட்டாரக் கால்பந்துப் போட்டிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் சிறுமியர் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பவள். உங்கள் போட்டிகளால்தான் எங்கள் அணி உருவானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘பெண்கள் பிரிவும் உண்டு’ என்று நீங்கள் அறிவித்த பிறகே பல பெற்றோர் தங்கள் மகள்களை மைதானத்துக்கு அனுப்பச் சம்மதித்தார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கடந்த பருவத்தில் நாங்கள் ஆடிய போட்டி நாக் அவுட் முறையில் நடந்தது. எங்கள் ஆட்டம் காலையில் முதல் ஆட்டம். நான்கு கோல் வாங்கித் தோற்றோம். எதிரணி எங்களைவிட நன்றாக ஆடியது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆட்டம் முடிந்து தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மாற்று வரிசையில் உட்கார்ந்திருந்த சிறுமி ஒருத்தி என் அருகில் வந்தாள். அவளுடைய ஜெர்சியில் 16 என்ற எண்ணை முந்தின இரவு நான்தான் வெள்ளை டேப்பால் ஒட்டியிருந்தேன். ஷூவின் கயிற்றை அவிழ்ந்துவிடாதபடி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள். “அடுத்த மேட்ச் எத்தனை மணிக்கு அக்கா?” என்று கேட்டாள். தோற்றால் அத்தோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் பயிற்சிக்கு வந்தவள் ஒரு நிமிடம்கூடக் களம் இறங்காமல் வீடு திரும்பினாள்.

பதினாறு அணிகளுக்கு நாக் அவுட் வைத்தால் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியேறும். பெரும்பாலும் அவை புதிதாகத் தொடங்கிய அணிகளாகவே இருக்கும். அனுபவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களையே முதலில் அனுப்பிவிடுகிறோம். நான்கு நான்காகப் பிரித்து, பிரிவுக்குள் ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் ஆடும் லீக் சுற்று வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. லீக் சுற்றில் 24, பிரிவின் முதலிடங்களுக்கு அரையிறுதி 2, இறுதி 1 என்று மொத்தம் 27. கூடுதலாக வருவது பன்னிரண்டே ஆட்டங்கள். பாதிக்கு இருபது நிமிடம் என்று வைத்து, இரண்டு களங்களில் ஆறாறாக நடத்தினால் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். சிறிய வயதினருக்கு எழுவர் ஆட்டம் போதும். ஒரு முழு மைதானத்தைக் குறுக்கே பிரித்தால் இரண்டு களம் கிடைக்கும்.

பலவீனமான அணி மூன்று முறை அடிவாங்கி மனம் உடைந்துவிடாதா என்று உங்களில் ஒருவர் என்னிடம் அக்கறையோடு கேட்டார். அவருக்கு நான் 2019 மகளிர் உலகக் கோப்பையை நினைவூட்டினேன். தாய்லாந்து முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 13-0 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் ஸ்வீடனிடமும் பின்தங்கியிருந்த நிலையில், தொண்ணூறு நிமிடம் கடந்த பிறகு கஞ்சனா என்ற வீராங்கனை ஒரு கோல் அடித்தார். 5-1 என்று தோற்ற ஆட்டம்தான் அது. ஆனால் அந்த ஒரு கோலுக்கு அணியின் மேலாளர் மாற்று வரிசையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டு அழுததை உலகமே பார்த்தது. நாக் அவுட்டாக இருந்திருந்தால் அந்தக் கோல் நடந்தே இருக்காது. அதே கோப்பையில் ஜமைக்கா மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரே ஒரு கோலோடு ஊர் திரும்பியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023இல், பிரான்சையும் பிரேசிலையும் கோல் அடிக்க விடாமல் நிறுத்தி, பனாமாவை வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. பிரேசில் வெளியேறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவர்களுக்கு வயது வாரியாக மூன்று பிரிவு வைக்கிறீர்கள். பெண்களுக்கு மட்டும் ‘பெண்கள் பிரிவு’ என்று ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வயதுச் சிறுமி பதினெட்டு வயதுப் பெண்ணோடு தோள் மோத வேண்டியிருக்கிறது. அடிபட்டு உட்கார்ந்தவள் பிறகு மைதானத்துக்கு வருவதே இல்லை. அப்படி இருவரை இழந்திருக்கிறேன். உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவே இதில் தாமதித்தது. சிறுவர்களுக்கான 16 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியை 1985இல் தொடங்கிய அமைப்பு, சிறுமியருக்கான 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை 2008இல்தான் தொடங்கியது. நாமும் இருபத்துமூன்று ஆண்டு காத்திருக்க வேண்டாம். அணிகள் குறைவு என்று தயங்காதீர்கள். 14 வயதுக்கு உட்பட்டோருக்கு ஆறு அணி வந்தாலும் அந்தப் பிரிவை நடத்துங்கள். நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஏழாவது அணியைத் தொடங்க ஒருவர் முன்வருவார்.

மாற்று ஆட்டக்காரர் விதியையும் தளர்த்துங்கள். வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போவதற்கு இளையோர் ஆட்டங்களில் கால்பந்து விதிகளே இடம் தருகின்றன. தேசியச் சங்கத்தின் சம்மதம் இருந்தால் போதும்.

பார்க்க ஆள் வராது என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் நடந்த ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 53,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. ஐம்பது ஆண்டு நீடித்த அந்தத் தடைதான் கூட்டத்தைக் கலைத்தது. உச்சி வெயிலில் ஓரத்து மைதானத்தில் பெண்கள் இறுதியாட்டத்தை வைத்துவிட்டு, கூட்டம் இல்லையே என்பது நியாயமா? ஆண்கள் இறுதிக்கு முன்னதாக, அதே மைதானத்தில், மாலையில் ஒரே ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

அடுத்த பருவத்துக்கான அட்டவணையை விரைவில் போட உட்காருவீர்கள். அழைத்தால் நானும் வருகிறேன். கட்டம் போட்டு நேரம் பிரிப்பது எனக்குக் கைவந்த வேலை. எங்கள் அணியின் பெயர்ப் பட்டியலை இம்மடலோடு இணைத்திருக்கிறேன். பதினாறாவது எண்ணில் அதே சிறுமிதான்.

அன்புடன்,
ஒரு சிறுமியர் அணியின் பயிற்சியாளர்