கார்வரில் ஒரு இருக்கைகூடக் காலியில்லை

கோரல்வில், அயோவா
12 அக்டோபர் 2025

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. குளிர் தொடங்கிவிட்டது. கொல்லையில் மிச்சமிருந்த தக்காளியை நேற்றுத்தான் பறித்து முடித்தேன்.

போன ஞாயிறு போனில் நம் அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றிப் பேசும்போது நீ ஒன்று கேட்டாய். "அதான் கெய்ட்லின் போயிட்டாளேம்மா, இன்னும் யாரைப் பாக்க அங்க போறீங்க? சீசன் டிக்கெட்டுக்கு அவ்ளோ காசு கொட்டணுமா?" என்றாய். நான் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஆனால் இந்த ஒரு வாரமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

கெய்ட்லின் கிளார்க்கும் நீயும் 2020-இல் ஒன்றாகக் கல்லூரிக்குள் நுழைந்தீர்கள். அந்த வருஷம் கொரோனாவால் கார்வர் அரங்கத்துக்குள் ஆளையே விடவில்லை. அடுத்த வருஷம் நாம் முதல் முறை டிக்கெட் எடுத்தோம். 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி மிஷிகனோடு ஆடிய இரவை நான் எப்படி மறப்பேன்? கெல்சி ப்ளமின் 3,527 புள்ளி சாதனையைத் தாண்ட எட்டுப் புள்ளி வேண்டும். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, நடுக்களத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பந்தை விட்டாள். நீ மாணவர் பகுதியில், நாங்கள் மேலே. அந்தக் கூட்டத்தில் உன் மஞ்சள் சட்டையைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவே இல்லை, எல்லாருமே மஞ்சள். அன்று 49 எடுத்தாள். 3,951 புள்ளியோடு கல்லூரியை முடித்தாள். அப்படி ஒரு பிள்ளை இனி என் ஆயுளில் வருவாளா என்று தெரியாது. இதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

ஆனால் அந்த நாலு வருஷமும் நான் அவளை மட்டுமா பார்த்தேன்? அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து சீட் பாட்டியை நினைவிருக்கிறதா? பென்சிலும் அட்டையுமாக வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டே இருப்பாரே, அவர்தான். அவர் பள்ளியில் ஆடியது அயோவாவின் பழைய ஆறு பேர் ஆட்டம். ஒரு பக்கம் மூன்று பேர் பந்து போடுவார்கள், மறுபக்கம் மூன்று பேர் தடுப்பார்கள், யாரும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக்கூடாது. இந்த ஊரில் 1993 வரை பெண்பிள்ளைகள் அப்படித்தான் ஆடினார்கள். பாட்டி தடுக்கும் பக்கம். மூன்று வருஷம் பள்ளி அணியில் இருந்தவர், போட்டியில் ஒரு தடவைகூடக் கூடையில் பந்து போட்டதில்லை. போட விதியே இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி வருத்தம் இருக்காது. "எதிராளியை நாலு புள்ளியோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்பார், அத்தனை பெருமையாக.

பந்து இல்லாதவளைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். எல்லாரும் கெய்ட்லினைப் பார்க்கும்போது அவர் என் முழங்கையைத் தட்டி, "அங்கே பார், அங்கே பார்" என்று வேறு யாரையாவது காட்டுவார். அப்படித்தான் எனக்கு கேப்ரியல் மார்ஷல் தெரிந்தாள், கேட் மார்ட்டின் தெரிந்தாள். மோலி டேவிஸுக்கு முட்டி போனதும் உள்ளே வந்து, தன்னைவிட உயரமானவர்கள் நடுவில் புகுந்து, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்த சிட்னி ஆஃபால்டரும் அப்படித்தான்.

1985-இல் இதே அரங்கத்தில் ஒஹாயோ ஸ்டேட்டோடு நடந்த பெண்கள் ஆட்டத்துக்கு 22,157 பேர் வந்தார்களாம். விவியன் ஸ்ட்ரிங்கர் பயிற்சியாளராக இருந்த காலம். பாட்டி அன்று படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நீயும் கெய்ட்லினும் பிறக்கப் பல வருஷத்துக்கு முன்னால், கண்ணம்மா. இந்த ஊர் பெண்கள் கூடைப்பந்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது ஒரு பிள்ளையால் இல்லை.

சரி, போன வருஷத்துக்கு வருகிறேன். கெய்ட்லின் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனாள், மே மாதம் பயிற்சியாளர் லிசா ப்ளூடரும் ஓய்வு பெற்றார். 2000-இலிருந்து இங்கே அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜான் ஜென்சன் பொறுப்புக்கு வந்தார். எல்லாரும் இனி கார்வர் வெறிச்சோடிவிடும் என்றார்கள். டிக்கெட் முழுக்க விற்றது. வில்லனோவா பல்கலைக்கழகத்தில் அதற்கு முந்தைய வருஷம் நாட்டிலேயே மூன்றாவதாகப் புள்ளி குவித்த லூசி ஓல்சன், ஒரே ஒரு வருஷம் ஆட இங்கே வந்தாள். யோசித்துப் பார், எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எந்த இடத்தில் நின்றாலும் கெய்ட்லினின் 22-ஆம் எண்ணோடு ஒப்பிடுவார்கள் என்று தெரிந்தே வந்தாள்.

ஜனவரியில் தொடர்ந்து ஐந்து தோல்வி. ஆரிகனிடம் 50-க்கு 49, ஒரே புள்ளியில். அந்த வாரம் அப்பா டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பனி அள்ளினார், அள்ள வேண்டிய பனியே இல்லாத நாளில். அப்புறம் பிப்ரவரி 2. கெய்ட்லினின் எண்ணை இனி யாரும் அணியாதபடி அரங்கத்தின் மேலே ஏற்றும் நாள், எதிரே நாட்டில் நாலாம் இடத்திலிருந்த யூஎஸ்சி அணி, அவர்களுடைய பெரிய ஆட்டக்காரி ஜூஜு வாட்கின்ஸ். கெய்ட்லின் வந்திருந்தாள். கூட்டம் முழுக்க அவள் பக்கமே திரும்பியிருந்தது. அந்த அரங்கத்தில், அந்த நாளில், லூசி 28 புள்ளி எடுத்து 76-க்கு 69 என்று ஜெயிக்க வைத்தாள். வேகமாக வந்து சட்டென்று நின்று, வளையத்துக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் நடுவிலிருந்து எம்புவாளே, அதே பந்து, திரும்பத் திரும்ப. ஆட்டம் முடிந்து கெய்ட்லினுக்கு மரியாதை நடந்தபோது எனக்கு அழுகை வந்தது உண்மைதான். ஆனால் பாதி அழுகை லூசிக்காக. நீ அன்று போன் பண்ணி கெய்ட்லின் என்ன பேசினாள் என்று மட்டும் கேட்டாய். நான் லூசியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், உனக்கு மீட்டிங் வந்துவிட்டது.

மார்ச்சில் தேசியப் போட்டியில் மர்ரே ஸ்டேட்டை 92-க்கு 57 என்று ஜெயித்து, அடுத்ததில் ஓக்லஹோமாவிடம் 96-க்கு 62 என்று தோற்றோம். அது நல்ல தோல்வி இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொள்ளவே தெரியாதவர்கள் போல ஆடினார்கள். வருஷம் முழுக்க இருந்த குறை அது. மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது லூசியை வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் 23-ஆவதாக எடுத்தது. ஆஃபால்டரும் ஓ'கிரேடியும் படிப்பை முடித்துவிட்டார்கள்.

இப்போது இந்த வருஷம். முதலில் ஹானா ஸ்டூல்கி. சீடர் ராப்பிட்ஸ் பிள்ளை, நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாத ஊர். 2024-இல் பென் ஸ்டேட்டோடு 47 புள்ளி எடுத்தாள், ஒரே வாரத்தில் கெய்ட்லினின் 49 வந்து அதை மறைத்துவிட்டது. அதே வருஷம் கிளீவ்லாந்தில் தேசியப் போட்டியின் அரையிறுதியில் கனெக்டிகட் அணியான யூகானை 71-க்கு 69 என்று ஜெயித்தோமே, அன்று அதிகப் புள்ளி எடுத்தது யார்? கெய்ட்லின் 21, ஹானா 23. உன்னைக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். எத்தனை பேருக்கு அது நினைவில் இருக்கும்! அவளுக்கு இது கடைசி வருஷம். வளையத்துக்குக் கீழே நடு ஆட்டக்காரியாக நிற்க வைத்தால் மல்லுக்கட்டுவாள், கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தால் ஓடுவாள். ஓட விட வேண்டும் என்பதுதான் என் கட்சி. யாரும் தடுக்காமல் தனியாகப் போடும் ஃப்ரீ த்ரோவுக்காக அவள் கோட்டில் நின்றால் மட்டும் எனக்கு நெஞ்சு படபடக்கும், அது இந்த வருஷமும் மாறாது.

அவளை ஓட விட வேண்டுமானால் நடுவில் நிற்க ஆள் வேண்டும். அங்கேதான் ஏவா ஹெய்டன். ஆரிகன் மாநிலத்துப் பிள்ளை, ஆறடி நாலங்குலம், இப்போது இரண்டாம் வருஷம். போன சீசனில் முதலில் பெஞ்சிலேயே இருந்தாள், முடிவில் பார்க்கும்போது வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டாள். கண்ணம்மா, இந்த அணியில் நடு ஆட்டக்காரிகளுக்கு ஒரு பரம்பரையே உண்டு. மேகன் கஸ்டாஃப்சன் 2019-இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரி, அவளுடைய 10-ஆம் எண்ணும் மேலே தொங்குகிறது. அப்புறம் மோனிகா சினானோ, போட்ட பந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு உள்ளே போகும். எல்லாரையும் பழக்கியது ஜென்சன்தான். அவரும் பள்ளியில் ஆறு பேர் ஆட்டம் ஆடியவர், ஒரே ஆட்டத்தில் 105 புள்ளி எடுத்தவர், பாட்டி அதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஹெய்டன் பந்தை வாங்கித் திரும்பும் அந்தத் தோளைப் பார்த்தால் எனக்கு கஸ்டாஃப்சன் நினைவு வருகிறது. அலாஸ்காவிலிருந்து லெய்லா ஹேஸ் என்று இன்னொரு உயரமான பிள்ளையும் வந்திருக்கிறாள்.

வீட்டில் சண்டை, களத்தில் பந்தை முன்னே கொண்டுவருபவளைப் பற்றித்தான். ஜார்ஜியா டெக்கிலிருந்து சிட்-சாட் ரைட் மாறி வந்திருக்கிறாள். சின்ன உருவம், கண்ணுக்குத் தெரியாத வேகம். போன சீசனை அந்த அணி 15 ஆட்டம் தோற்காமல் தொடங்கியபோது அதில் முதல் வருஷப் பிள்ளையாக ஆடியவள். அப்பா அவளிடம்தான் பந்தைக் கொடுக்க வேண்டும் என்கிறார். எனக்கும் அது சம்மதம், ஆனால் டெய்லர் ஸ்ட்ரெம்லோவை ஒதுக்கிவிடக்கூடாது. அவள் தரையில் விழுந்து பந்தைப் பிடிப்பவள். அந்த மாதிரி ஒருத்தி களத்தில் இருந்தால் மற்ற நாலு பேரும் நிமிர்ந்து ஆடுகிறார்கள், நீயே கவனித்துப் பார். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஆடி டீல் மீதும் எல்லாருக்கும் பெரிய நம்பிக்கை. முதல் வருஷப் பிள்ளையின் தலையில் அவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டாம் என்று தோன்றுகிறது, ஜனவரி வரை பொறுக்கலாம். தூரத்திலிருந்து போட டெய்லர் மெக்கேப் இருக்கிறாள், அவளை விட்டுவிட்டு எந்த எதிரணியும் உள்ளே நெருக்க முடியாது.

கைலி ஃபயர்பாக்கைப் பற்றிக் கேட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உன்னோடு அதே 2020-இல் கல்லூரிக்குப் போனவள். முதல் வருஷம் அயோவா ஸ்டேட், அப்புறம் இங்கே. நடுவில் முட்டி கிழிந்து ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தாள். நீ வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவள் இன்னும் ஆடுகிறாள், ஆறாவது வருஷம். எதிரணியில் யார் பெரிய ஆளோ அவளை இவள்தான் தடுப்பாள். பாட்டிக்கு இவள் என்றால் உயிர்.

இப்போதெல்லாம் வருஷா வருஷம் பிள்ளைகள் அணி மாறுகிறார்கள், பணமும் வந்துவிட்டது, பழைய பாசம் இல்லை என்று நிறையப் பேர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயதில் நல்ல இடம் தேடிப் போகிற பிள்ளையை நான் எப்படிக் குறை சொல்வேன்? நீயும் அப்படித்தானே நியூ ஜெர்சி போனாய்.

பாட்டிக்கு இந்தக் கோடையில் உடம்பு சரியில்லை. கார்வரில் நாம் மேலே நுழைந்து, தெப்பக்குளத்தில் இறங்குகிற மாதிரி கீழே கீழே இறங்கி சீட்டுக்குப் போக வேண்டும், ஆட்டம் முடிந்து அத்தனை படியும் ஏற வேண்டும். போன சீசனிலேயே ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். இந்த வருஷம் டிக்கெட்டை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். புதன்கிழமை பருப்பு ரசம் எடுத்துக்கொண்டு போனேன். மேஜையில் இந்த வருஷத்துக்கான புது அட்டை, பெயர்கள் எல்லாம் பென்சிலில் எழுதித் தயாராக இருந்தது. ஃபயர்பாக் பெயருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

ஒரு விஷயம் கேட்கத்தான் இவ்வளவும். டிசம்பர் 20-ஆம் தேதி ப்ரூக்ளினில் பார்க்ளேஸ் அரங்கத்தில் நம் பிள்ளைகள் யூகானோடு ஆடுகிறார்கள். அவர்கள் நடப்பு சாம்பியன், சாரா ஸ்ட்ராங்கும் ஆஸி ஃபட்டும் இருக்கிறார்கள், ஜெயிப்போம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹெய்டனும் ஸ்டூல்கியும் அவர்களுக்கு எதிரே எப்படி நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், உன்னை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். உன் வீட்டிலிருந்து ரயிலில் போய்விடலாம் என்று அப்பா சொல்கிறார். நாங்கள் 18-ஆம் தேதி வந்து கிறிஸ்துமஸ் வரை இருப்போம். உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல், நான் மூன்று டிக்கெட்டாகவே எடுத்துவிடுகிறேன். பாட்டி ஒரு காலி அட்டை தருகிறேன் என்றிருக்கிறார், ஒரு பந்து விடாமல் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். எனக்கு எழுதிக்கொண்டே பார்க்க வராது, நீதான் எழுத வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. வரும்போது இட்லிப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா